பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள்கள்

அடிபட்டுக் கிடப்பவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வந்தவர்கள் எல்லோருடைய கையிலும் ஒரு பை இருந்தது. பைக்குள் ஆப்பிள், சாத்துக்குடி, பிஸ்கட் பாக்கெட். என் அக்கா வீட்டார், மாகறலிலிருந்து மனைவியின் அண்ணன் குடும்பம், என்னோடு கடையில் வேலை செய்பவர்கள், தெருக்காரர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். சாத்துக்குடியைப் பிழிந்து தீர்த்தோம். பிஸ்கட்டை வந்தவர்களுக்கே காபியோடு வைத்தோம். ஆப்பிள்தான் தீரவில்லை. சின்ன வயதிலிருந்தே மகளுக்கு ஆப்பிள் ஆகாது. கடித்தால் பல் கூசுகிறது என்பாள். நானும் மனைவியும் தினம் ஆளுக்கு ஒன்று சாப்பிடுவது என்று பேசிக்கொண்டோம், பிறகு மறந்துபோனோம். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அவை தோல் சுருங்கி உட்கார்ந்திருந்தன. தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். எனக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனை.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் மனைவி ஒப்பவில்லை. உடம்பு சரியில்லாதவருக்கென்று வந்த பழத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் சீக்கையும் சேர்த்துக் கொடுத்தது போலாகிவிடுமாம். குப்பையில் போடவும் கூடாது, கொண்டுவந்தவர்கள் மனதைப் போட்டதாகிவிடும். வீட்டுக்குள்ளேயே தீர வேண்டும். படித்தவன் நான், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எந்தச் சாஸ்திரத்தோடும் மோதிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆப்பிள்கள் அங்கேயே இருந்தன.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை பார்க்கிறவன். விற்கிறவன் இல்லை, பார்க்கிறவன். நெய்து வருகிற சேலையை மூங்கிலில் போட்டு, விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து முந்தியிலிருந்து முனைவரை பார்க்க வேண்டும். எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே குறுக்கே ஓடும் ஊடை நூல் நெருங்காமல் இடைவெளி விட்டிருக்கிறது, கரை சேலை உடலோடு சேருமிடத்தில் எங்கே வாய் பிளந்திருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தேன். கண் நல்ல கண் என்று முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கும் எனக்கு முதலில் தெரிவது ஓட்டைதான். மனைவி சேலை முந்திகளுக்குக் குஞ்சம் முடிகிறவள். நான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் கூட, “அது சேலை இல்ல, தோசை. சாப்பிடுங்க” என்பாள்.

மகள் கேட்டரிங் படித்தாள். நான் பாங்கு வேலைக்குப் படிக்கச் சொன்னேன், அவள் கேக் செய்யப் போனாள். சென்னையில் ஒரு ஓட்டலில் பேக்கரிப் பிரிவில் வேலை. லீவு நாளில் பஸ் ஏறி வருவாள். பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தி வைத்திருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்படி வந்த ஒரு நாள்தான் அது. யாரும் இடிக்கவில்லை. சாலையில் ஜல்லி கொட்டிக் கிடந்தது, வண்டி சறுக்கியது, விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பி நிறுத்திவிட்டார். சக்கரம் அவள் தலைக்கு எவ்வளவு அருகில் நின்றது என்று பார்த்தவர்கள் கைகளை அகட்டிக் காட்டினார்கள். அதை என்னிடம் ஏன் காட்டினார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆறுதலுக்குத்தான் காட்டினார்கள்.

என் போனில் அவள் பெயர் வந்தது. வந்துவிட்டாள், ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்கப் போகிறாள் என்று எடுத்தேன். ஓர் ஆண் குரல். “சார், இந்தப் போனு யாருதுங்க?” என்றது.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேனாம். செருப்பில்லாமல் ஆட்டோவில் ஏறினேனாம். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது, புருவத்துக்கு மேல் தையல், கொஞ்ச நேரம் நினைவில்லை. ஹெல்மெட் காப்பாற்றியது என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோய், கைக்குள் தகடு வைத்து, கட்டுப் போட்டு, கட்டும் பிரித்தாயிற்று. டாக்டருக்குத் திருப்தி. வேலைக்குப் போகலாம், வண்டிகூட மெதுவாக ஓட்ட ஆரம்பிக்கலாம் என்றார். என்னைத் தவிர எல்லோரும் குணமாகிவிட்டார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கடையிலிருந்து அடிக்கடி மனைவிக்குப் போன் செய்து அவள் சாப்பிட்டாளா என்று கேட்பேன். மத்தியானம் அவள் தூங்கினால் கதவோரம் நின்று வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை கண்ணைத் திறந்து, “உயிரோடதாம்பா இருக்கேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கூடத்துக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். 

ஓட்டலிலிருந்து அழைத்தார்கள். திங்கட்கிழமை வர முடியுமா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து சொன்னபோது அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றாள். காத்திருக்காவிட்டால் போகட்டும், இங்கேயே நல்ல பேக்கரி ஒன்று இல்லையா என்றேன்.  கைக்குப் பயிற்சி செய்யக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முன்னறையில் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த மனைவி அங்கிருந்தே, அதை என்ன பண்ணலாம் என்று முறைத்தால் அது கரைந்துவிடுமா என்றாள். அப்போது மகள் வந்தாள். என்னை நகர்த்திவிட்டு ஆப்பிள்களையெல்லாம் வாரித் துணிப்பையில் போட்டாள்.

“காப்ளர் பண்ணப் போறேன்.”

எனக்கு அந்தச் சொல் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். செருப்புத் தைப்பவர். அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே சொல்தான், ஆனால் இது ஒரு பலகாரம் என்றாள். பழத்தை வெட்டிச் சர்க்கரை போட்டு அடியில் வைத்து, மேலே மாவை வைத்து ‘அவன்’ என்கிற மின்சார அடுப்பில் சுடுவது. வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் இதைத்தான் செய்யக் கொடுத்தார்களாம். பிசைய வேண்டாம், உருட்ட வேண்டாம், அழகு பார்க்க வேண்டாம். கை வராதவர்களுக்கும் வரும் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வெந்த பிறகு மேல்புறம் கல் பாவிய தெரு மாதிரி இருக்கும், அதனால் என்று சொல்கிறார்களாம்.

எங்கள் வீட்டில் அந்த அடுப்பு கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, அடுப்பில் சூடேற்றினால் அதுவே ‘அவன்’ ஆகிவிடும் என்றாள். மேலே நிறம் வருவதற்குத் தோசைக்கல்லைத் தனியாகக் காய்ச்சி மூடியாகக் கவிழ்க்க வேண்டும். இதையெல்லாம் அவள் கட்டளையிடும் குரலில் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது. மனைவி எழுந்துவந்து குண்டானை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஊசியைச் சேலையிலேயே குத்திவைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் திரும்பிப் போனாள்.

மகள் பலகையை வைத்து ஆப்பிளை நறுக்க ஆரம்பித்தாள். வலது கையில் கத்தி. நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் அதைக் கவனித்து, கடைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். முதல் ஆப்பிள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவதைப் பாதி வெட்டியிருப்பாள். மெயின் ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்து, சுழன்று, அவள் கால் விரல்களுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் உள்ளே பாய்ந்துவிட்டேன். கத்தியை எடுத்தேன். அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அவள், ஒன்றுமில்லை, வழுக்கிவிட்டது என்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் வைது பேசவில்லை, கத்தவில்லை. எனக்குள் என்ன வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், நிம்மதி வந்தது. கைக்கு இன்னும் பலம் வரவில்லை. அப்படியானால் நாளைக்குப் போக முடியாது. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே பார்த்துவிட்டாள். என் பிள்ளையின் கையிலிருந்து கத்தி விழுந்ததில் எனக்கு நிம்மதி.

“நீ சொல்லு, நான் பண்றேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

ஆப்பிளைத் தோலோடு நறுக்கினேன். சர்க்கரை, பாதி எலுமிச்சம்பழம், இடித்த பட்டை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெண்ணெய். பித்தளைத் தாம்பாளத்தில் வைக்கட்டுமா என்று கேட்டு, புளிப்புக்குப் பித்தளை ஆகாது என்று வாங்கிக்கட்டிக்கொண்டு, ஆழமான எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். மைதாவில் பேக்கிங் பவுடர் போட்டுச் சலித்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாகப் போட்டு விரல் நுனியால் உதிர்க்கச் சொன்னாள். அது எனக்கு வந்தது. பட்டில் நகம் மாட்டக் கூடாது என்பதால் நாங்கள் நகத்தை ஒட்ட வெட்டி, விரலுக்கு எண்ணெய் தடவி வைத்திருப்போம். மாவு ரவை மாதிரி உதிர்ந்ததும், “என் செஃப்போட கைய விட உன் கை நல்ல கைப்பா” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பால் ஊற்றி, கரண்டியால் நாலு சுற்று, அதற்குமேல் கலக்கக் கூடாது என்றாள். கட்டி கட்டியாக இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றாள்.

பிறகு அவள் போன் ஒலித்தது. அவளோடு வேலை செய்யும் பெண். பேசிக்கொண்டே கூடத்துக்குப் போனவள், போகும்போது திரும்பி, “மேல வெச்சிடுப்பா. கல்லு பாவுன மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாவு என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒருவரிடம் சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்? தறியில் ஏறும் பாவுதான். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றோடு ஒன்று நெருங்கி, ஒரு இழையும் விட்டுப்போகாமல். கல் பாவுவது என்றாலும் நான் பிறந்ததிலிருந்து மிதித்து வளர்ந்தது கோயில் பிராகாரத்துக் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஊசி நுழையாது. நான் மாவை வைத்தேன். கரண்டியில் எடுத்து வைத்து, ஈரக் கையால் அழுத்தி, இழுத்து, பக்கத்தில் உள்ளதோடு சேர்த்து, ஓரத்தில் தட்டோடு ஒட்டி, எங்கும் ஆப்பிள் எட்டிப் பார்க்காமல் மூடினேன். ஓர் இடத்தில் மெலிந்திருந்தது. வேறிடத்திலிருந்து கிள்ளி ஒட்டினேன். குனிந்து, தட்டைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குண்டானில் வைத்து மூடினேன்.

வாசனை நன்றாகத்தான் வந்தது. பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து கூடம் வரை போயிற்று. மகள் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வெளியிலிருந்தே காவல் இருந்தேன். அவள் வந்து, காய்ச்சிய தோசைக்கல்லைக் கவிழ்க்கச் செய்து, இன்னும் கொஞ்சம் வைத்துத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். மேலே பொன்னிறம். முழுநிலவு மாதிரி வழுவழுவென்று ஒரே வட்டம். அவள் எட்டிப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?”

ஏன், நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றேன். அவள் கரண்டியால் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள். மேலே மெல்லிய ஓடு. அதற்குக் கீழே வெள்ளையாக, பசையாக, வேகாத மாவு. அடியில் ஆப்பிள் நீர்விட்டுக் குளமாகி நின்றது. நீராவி போக வழியில்லாமல் மாவுக்குள்ளேயே நின்று அதைக் களியாக்கிவிட்டது.

“இடைவெளி விடணும்பா. அங்கொன்னு இங்கொன்னா. நான்தான் கல்லு பாவுன மாதிரின்னு சொன்னேனே.”

“அப்படித்தாம்மா செஞ்சேன்” என்றேன்.

அவள் சொன்னது இடைவெளி விட்டு உருண்டைக் கல் பதித்த வெளிநாட்டுத் தெரு, நான் வைத்தது எங்கள் கோயில் கல் என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மனைவி என்னவென்று எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு விரலால் களியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “இந்த மனுசன்கிட்ட போயி ஓட்ட போடச் சொன்னியா? ஊட்ல ஜன்னல் வெச்சதுக்கே மேஸ்திரிகிட்ட சண்ட போட்டாரு” என்றாள். ஜன்னலுக்குச் சண்டை போடவில்லை, கம்பி போடாததற்குத்தான் போட்டேன் என்று நான் சொன்னதை இருவரும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா வந்துவிட்டார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம், முப்பது வருடப் பழக்கம். அவரும் மகளைப் பார்க்க ஆப்பிள் கொண்டுவந்தவர்தான். குண்டானுக்குள் பார்த்து, ஆப்பிளையா வேகவைத்தீர்கள், கூட்டா பொரியலா என்று விசாரித்தார். பிறகு, “இதுல என் ஆப்பிள் எது?” என்று கேட்டார். எல்லாம் கலந்துவிட்டது என்றோம். அவர் கொண்டுவந்தது நல்ல ஜாதி, தனியாகவே வைத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். ஆகட்டும், வெந்ததும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். சீக்குப் பழத்தைக் கொடுக்கக் கூடாதென்றாயே என்று நான் மெல்லக் கேட்டேன். சமைத்துவிட்டால் அது பழம் இல்லை, பலகாரம், அதற்குக் குற்றமில்லை என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

மேலே இருந்ததை மகள் வழித்து எடுத்துவிட்டாள். ஆப்பிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரைக் கொஞ்சம் சுண்ட வைத்தால் போதும் என்றாள். மறுபடி மாவு சலித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உட்கார் என்றாள். உட்கார்ந்தேன்.

வலது கையாலேயே செய்தாள். விரல் நுனிகளால் வெண்ணெயை உதிர்த்தாள். பால் கிண்ணத்தைத் தூக்கி ஊற்றினாள். கரண்டியில் மாவை அள்ளி, ஆப்பிளின்மேல் தொப்பென்று விட்டாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நடுவில் பழம் தெரிந்தது. எனக்கு விரல் துறுதுறுத்தது. அந்தப் பள்ளத்தை இழுத்து மூட வேண்டும் போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கரண்டி அவள் கையில் ஆடவில்லை. கனமான குண்டானின் மூடியைக்கூட அந்தக் கையால்தான் தூக்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை நன்றாகத்தான் இருக்கிறது. கத்தி ஏன் விழுந்தது என்று கேட்டேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள். துணியால் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“கை இல்லப்பா. லாரி ஹாரன் அடிச்சான் இல்ல, அதான்.”

 அவளே சொன்னாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஹாரன் சத்தம் கேட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததைத் தூக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அது தூக்கம் இல்லையாம். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“எப்டிப்பா சொல்றது? நீ கதவுகிட்ட நின்னுக்கினு நான் மூச்சு உடறனான்னு பாத்துக்கினு இருக்க. எனக்கும் பயமா இருக்குதுன்னு சொன்னா நீ என்னாவே?”

அவ்வளவு நாளும் இந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் தைரியசாலி, அவளுக்கு ஆபத்தே தெரியாது, அதனால் அவளுக்கும் சேர்த்து நானே பயப்பட வேண்டும் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பயத்துக்கு இடம் விட்டுத் தன் பயத்தை மறைத்து வைத்திருக்கிறாள். இருபத்துமூன்று வயதில் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, என் காலடிச் சத்தம் கேட்டதும் தூங்குவதுபோல வயிற்றை ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறாள்.

அப்படியானால் ஏன் போகிறாய், இரு என்று என் வாய்வரை வந்தது. அதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவளே காரணத்தைக் கையில் கொடுத்திருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

“இருந்தா சரியாயிடும்னு நெனைக்கிறியா? இருக்க இருக்கத்தாம்பா அதிகமாவுது. போன வாரம் மாடி வரைக்கும்தான். இப்போ அடுப்படிக்கே வந்துடுச்சி.”

முன்னறையில் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

காப்ளர் வெந்தது. இந்த முறை தோசைக்கல்லை அவளே இடுக்கியால் தூக்கினாள். மேடும் பள்ளமுமாக, அங்கங்கே வெடித்து, இடைவெளிகளில் ஆப்பிள் கொதித்து மேலேறி, மாவின் ஓரத்தில் பாகாகப் பிடித்திருந்தது. கடையில் இப்படி ஒன்று வந்தால் நெய்தவரைக் கூப்பிட்டனுப்பியிருப்பேன். மூன்று கிண்ணங்களில் போட்டாள். நாலாவது எதிர்வீட்டுக்கு. மாவு பிஸ்கட்டும் இல்லை, கேக்கும் இல்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆப்பிள் புளிப்பும் இனிப்புமாகக் குழைந்து நாக்கில் சுட்டது. வாசனையில் ஆஸ்பத்திரி இல்லை. ஆப்பிள் பிடிக்காதவள் இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். வெந்தால் பல் கூசவில்லையாம். மனைவி, பரவாயில்லை, ஏலக்காய் போட்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்றாள். மனைவியிடமிருந்து அது பெரிய பாராட்டு.

சாப்பிட்டு முடித்த பிறகு நான் கிண்ணத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், நாளைக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டேன்.  காலையில் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். நான் சென்னை வரைக்கும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பஸ்ஸில் போய்விடுவாளாம், ஜன்னல் ஓரம் இல்லாமல் உட்கார்ந்துகொள்வாளாம், அதற்குப் பயமில்லையாம். அவளுக்குப் பயம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்குமான அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான்.

“சாயங்காலம் ஒரு தபா ஓட்டிப் பாக்கலாமா? நான் ஓட்றேன். நீ பின்னாடி உக்காரு.”

அடுத்த மாதம் என்று சொல்ல நாக்குத் தயாராக இருந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் ஸ்கூட்டரை வெளியே தள்ளினாள். மெக்கானிக் உரசல்களையெல்லாம் பூசி, பூசியது தெரியாமல் செய்திருந்தார். எனக்குத் தெரிந்தது. அவள் ஹெல்மெட் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். மனைவி வாசல்வரை வந்து, சாயங்காலத்துக்குப் பால் வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எப்போதும் சொல்கிற குரலில் அதைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

பின்னால் உட்கார்ந்தேன். இந்தப் பிள்ளையை நான் முன்னால் நிற்க வைத்து ஓட்டிப் போன காலத்தில் எனக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. வண்டி நகர்ந்தது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் இரண்டு பக்கமும் வந்தது. நடந்து போனால் எங்களை முந்தியிருக்கலாம், அவ்வளவு மெதுவாக ஓட்டினாள். தெருமுனையில், மெயின் ரோட்டில் சேருமிடத்தில், காலை ஊன்றி நிறுத்தினாள். பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் எங்களைப் பார்த்து ஹாரனை அழுத்தினார். நீளமாக, விடாமல். அவள் முதுகு விறைத்தது.  பார்த்து என்றுகூட நான் சொல்லவில்லை. பஸ் கடந்து போய், அதன் புழுதியும் போனது. நாங்கள் அங்கேயே நின்றோம். ஓர் ஆட்டோ போயிற்று. இரண்டு பைக்குகள் போயின. சாலை காலியாகியும் வண்டி கிளம்பவில்லை.

“என்னம்மா?” என்றேன். வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்கிற குரல்தான் அது. மறைக்க முடியவில்லை.

“தோள விடுப்பா” என்றாள். “வண்டி திரும்ப மாட்டேங்குது.”

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கைகளும் அவள் தோள்களை முழு பலத்தோடு பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்தேன். அவள் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டு, வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், திருப்பினாள்.